கணினி கேள்வி – பதில்: சுருங்கிய நிரலிலிருந்து மூலநிரலுக்கு

இம்முறை வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் ஒரே விடயத்தைச் சுற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. நாம் எழுதுவது ஒன்று, போனிலும் மின்னணுப் பலகையிலும் ஓடுவது இன்னொன்று. ஓடுகிற இடத்தில் பிழை வந்தால், எழுதிய வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவற்றுக்கும் அதுவே அடித்தளம் என்பதால் அதைப் பொறுமையாக வாசியுங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்வனவைப் பதிய ஒரு வெப் அப் செய்திருக்கிறோம். வயலில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். காலபோக அறுவடை நேரத்தில் சில போன்களில் பிழை வருகிறது. எங்களுக்கு வந்து சேரும் அறிக்கையில் ‘மெயின்.ஜேஎஸ், 1:48213’ என்று மட்டும் இருக்கிறது. முழு நிரலும் ஒரே வரியில் கிடக்கும்போது 48213ஆவது எழுத்தில் எதைத் தேடுவது? – கிளிநொச்சி

அந்த எழுத்தைக் கண்ணால் தேட வேண்டாம். பில்ட் செய்யும் கருவி, அதாவது எழுதிய நிரலை வெளியிடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி, உங்கள் ஐம்பது அறுபது கோப்புகளை ஒன்றாக்கி, இடைவெளிகளை நீக்கி, நீண்ட பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாக்கி விடுகிறது. எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற கணக்கையும் அதே கருவியால் எழுதித் தர முடியும். அந்தக் கணக்குத்தான் சோர்ஸ் மேப். ஜேஎஸ் கோப்பின் பெயரோடு ‘.மேப்’ என்ற வால் சேர்ந்த கோப்பாக அது இருக்கும்.

பில்ட் கருவியாக நீங்கள் வீட் பாவிப்பவராக இருந்தால், கொன்ஃபிக் கோப்பின் பில்ட் பகுதியில் சோர்ஸ்மேப் என்பதற்கு ‘ஹிடன்’ என்று கொடுங்கள். வெப்பேக் என்றால் டெவ்டூல் என்பதற்கு ‘ஹிடன்-சோர்ஸ்-மேப்’. இரண்டிலும் மேப் கோப்பு உருவாகும். ஆனால் ‘மேப் இந்த இடத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் கடைசிக் குறிப்பு வரி ஜேஎஸ் கோப்பில் எழுதப்படாது.

அடுத்து, 1:48213 என்பதை மொழிபெயர்க்க வேண்டும். கணினியில் நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) இருக்கட்டும். அதன் பொதி நிறுவியான என்பிஎம் வழியாக மொசில்லாவின் ‘சோர்ஸ்-மேப்’ பொதியை நிறுவுங்கள். மேப் கோப்பை வாசித்து, சோர்ஸ்மேப்கன்சியூமர் ஒன்றை உருவாக்கி, அதனிடம் ஒரிஜினல்பொசிஷன்ஃபோர் என்ற செயற்கூற்றின் மூலம் வரியையும் கொலத்தையும் (வரிக்குள் எத்தனையாவது எழுத்து என்பது) கொடுத்து மூல இடத்தைக் கேளுங்கள். பத்து வரிக்குள் முடிகிற ஸ்கிரிப்ட்தான். கோப்பின் பெயர், வரி, கொலம், பெயர் என்ற நான்கும் பதிலாக வரும்.

இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. குரோம் தரும் பிழை அறிக்கையில் வரியும் கொலமும் 1 இலிருந்து எண்ணப்படுகின்றன. மொசில்லாவின் பொதியோ வரியை 1 இலிருந்தும் கொலத்தை 0 இலிருந்தும் எண்ணுகிறது. ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டிய கொலம் 48213 அல்ல, 48212. சாதாரண நிரலில் ஒரு எழுத்துப் பிசகு பெரிய விடயமில்லை. சுருங்கிய நிரலில் ஒரு எழுத்துத்தான் ஒரு மாறியின் முழுப்பெயர். ஒன்று தள்ளினால் பக்கத்து மாறியில் போய் நிற்பீர்கள்.

இன்னொன்று, பதிலில் வரும் ‘பெயர்’ அந்த இடத்திலுள்ள சொல்லின் பழைய பெயர் மட்டுமே. அது எந்தச் செயற்கூற்றுக்குள் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதை அறிய, பிழையின் ஸ்டாக் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) முழுவதையும் சேகரித்து, ஒவ்வொரு வரியையும் இதேபோல் மொழிபெயருங்கள். உதாரணமாக, பொருளே வராமல் வெறுமையாக (அன்டிஃபைன்ட்) இருக்கும் மாறியிலிருந்து எடையைப் படிக்க முயன்ற இடம் முதல் வரியில் இருக்கும். அந்த வெறுமையை அங்கே அனுப்பிய செயற்கூறு எது என்பது இரண்டாம் மூன்றாம் வரியில் இருக்கும். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

உங்கள் நிலைமையில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யும் அப் என்றால், சேர்விஸ் வேர்க்கர் ஒன்று நிரலைப் போனிலேயே சேமித்து வைத்திருக்கிறது. முத்தையன்கட்டுப் பக்கம் வயலில் நிற்கும் போன் மூன்று வாரமாகப் புதிய பதிப்பை எடுக்காமல் இருக்கலாம். அது அனுப்பும் 48213, மூன்று வாரத்துக்கு முந்திய நிரலின் 48213. அதை இன்றைய மேப்பில் தேடினாலும் ஒரு பதில் வரும். ஏதோ ஒரு கோப்பு, ஏதோ ஒரு வரி, பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் முழுப் பிழை. பதிலே வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. பிழையான பதில் வந்தால் நல்ல நிரலைப் போய்க் கிண்டத் தொடங்கி விடுவோம்.

ஆகவே ஒவ்வொரு பில்டுக்கும் ஓர் அடையாளம் வையுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கிடைக்கும் கொமிட் எண்ணின் முதல் 7 எழுத்துகள் போதும். அதை நிரலுக்குள் ஒரு மாறிலியாக வைத்து, ஒவ்வொரு பிழை அறிக்கையோடும் அனுப்புங்கள். பில்ட் முடிந்ததும் மேப் கோப்புகளை அந்த 7 எழுத்துப் பெயருள்ள கோப்புறைக்கு நகர்த்துங்கள். மிச்சமுள்ளதை மட்டும் சேர்வரில் ஏற்றுங்கள். பழைய மேப்புகளை அழிக்காதீர்கள். அவை ஜேஎஸ் கோப்பை விடப் பெரியவை என்றாலும் சிப் செய்தால் நன்றாகச் சுருங்கும். ஆகக் குறைந்தது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் முடியும் வரையாவது வைத்திருங்கள்.

சிக்னல் இல்லாத நேரத்தில் வரும் பிழையைப் போனின் பிரவுசருக்குள் உள்ள தரவுச் சேமிப்பான இன்டெக்ஸ்ட்டிபியில் எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்புங்கள். பில்ட் அடையாளத்தைப் பிழை நடந்த அந்தக் கணத்திலேயே சேர்த்து எழுத வேண்டும். அனுப்பும் நேரத்தில் சேர்த்தால், இடையில் அப் புதுப்பிக்கப்பட்டு, பழைய பிழைக்குப் புதிய அடையாளம் ஒட்டிக்கொள்ளும்.

‘ஸ்கிரிப்ட் எரர்’ என்ற இரண்டு சொல் மட்டும் வந்து வரி 0 என்று இருந்தால், உங்கள் ஜேஎஸ் வேறொரு டொமைனிலிருந்து வருகிறது என்று பொருள். ஸ்கிரிப்ட் டேக்கில் கிரொஸ்ஒரிஜின் பண்பைச் சேர்த்து, அந்தச் சேர்வரிலும் உங்கள் தளத்துக்கு அனுமதி தரும் ஹெடரை வைத்தால் முழு விபரமும் வரும்.

கேள்வி: மேப் கோப்பு ஜேஎஸ் கோப்பின் பல மடங்கு இருக்கிறது. அதைச் சேர்வரில் வைத்தால், எங்கள் தளத்துக்கு வருகிறவர்களின் டேட்டா வீணாகாதா? – ஒட்டுசுட்டான்

தனிக் கோப்பாக இருந்தால் வீணாகாது. டெவலப்பர் டூல்ஸைத் திறந்தவருக்கு மட்டும்தான் பிரவுசர் அதை இறக்கும். ஆனால் ‘இன்லைன்’ என்று ஒரு தெரிவு உண்டு. அதில் மேப் முழுவதும் பேஸ்64 எழுத்துகளாகி ஜேஎஸ் கோப்பின் அடியிலேயே ஒட்டப்படும். பேஸ்64 ஆகும்போது மூன்றில் ஒரு பங்கு கூடவும் செய்யும். அதை எல்லாப் போன்களும் இறக்கித்தான் ஆக வேண்டும். வெளியிடும் பில்டில் இன்லைனைப் பாவிக்காதீர்கள்.

கேள்வி: மேப் கோப்பைத் திறந்து பார்த்தேன். ‘மேப்பிங்ஸ்’ என்ற இடத்தில் பெரிய ஏ-க்களும் அரைப்புள்ளிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது? – வவுனியாப் பல்கலைக்கழக மாணவி

நல்ல கேள்வி. கையால் ஒருமுறை பிரித்துப் பார்த்தவருக்கு மேப் எப்படி உடைகிறது என்பதும் புரிந்துவிடும்.

மேப் கோப்பு, பெயரும் மதிப்புமாக எழுதப்பட்ட ஒரு ஜேசன் கோப்பு. ‘சோர்சஸ்’ என்பதில் மூலக் கோப்புகளின் பெயர்கள், ‘சோர்சஸ்கன்டென்ட்’ என்பதில் அவற்றின் முழு உள்ளடக்கம், ‘நேம்ஸ்’ என்பதில் மாற்றப்பட்ட பழைய பெயர்கள். மிச்சக் கணக்கெல்லாம் ‘மேப்பிங்ஸ்’ என்ற ஒற்றைச் சரத்தில். அரைப்புள்ளி வந்தால் உருவான கோப்பில் அடுத்த வரி. காற்புள்ளி வந்தால் அதே வரியில் அடுத்த துண்டு. ஒரு துண்டில் 1, 4 அல்லது 5 எண்கள் இருக்கும். முதலாவது உருவான கோப்பின் கொலம், இரண்டாவது எத்தனையாவது மூலக் கோப்பு, மூன்றாவது மூலத்தின் வரி, நான்காவது மூலத்தின் கொலம், ஐந்தாவது இருந்தால் பெயர்ப் பட்டியலில் இடம். எல்லாம் 0 இலிருந்து.

எண்கள் முழுதாக எழுதப்படுவதில்லை. முந்திய துண்டிலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டும் எழுதப்படும். அப்படியென்றால் எண்கள் சிறியவையாக இருக்கும், ஓரெழுத்தில் அடங்கிவிடும். பேஸ்64 வரிசையில் பெரிய ஏ என்றால் 0, பி 1, சி 2 என்று போகும். அந்த எண்ணை இரும எண்ணாக எழுதினால் ஆறு பிட். கடைசி பிட் 1 என்றால் எண் மறை, 0 என்றால் நேர். முதல் பிட் 1 என்றால் ‘எண் முடியவில்லை, அடுத்த எழுத்தையும் சேர்’ என்று பொருள். நடுவிலுள்ள நான்கு பிட்தான் மதிப்பு. இது எண்ணின் முதல் எழுத்துக்கு. தொடரும் எழுத்துகளில் குறி பிட் இல்லை, முதல் பிட் தவிர்ந்த ஐந்தும் மதிப்பு.

முதல் துண்டு ‘யு ஏ ஜி ஐ’ என்று வைப்போம், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். யு என்பது 20, இருமத்தில் 010100. முதல் பிட் 0, எண் முடிந்தது. கடைசி பிட் 0, நேர். நடுவில் 1010, அதாவது 10. ஏ என்றால் 0. ஜி என்பது 6, அதன் பாதி 3. ஐ என்பது 8, அதன் பாதி 4. ஆக, உருவான கோப்பின் 10ஆம் கொலம், முதல் மூலக் கோப்பின் 3ஆம் வரி 4ஆம் கொலத்திலிருந்து வந்திருக்கிறது. எடிட்டரில் பார்க்கும்போது 4ஆவது வரி, 5ஆவது எழுத்து.

அடுத்த துண்டு ‘கே ஏ சி டி’. கே 10, பாதி 5, ஆகவே கொலம் 10 இலிருந்து 15. கோப்பு மாறவில்லை. சி 2, பாதி 1, வரி 3 இலிருந்து 4. டி 3, இருமத்தில் 000011, கடைசி பிட் 1, ஆகவே மறை 1. கொலம் 4 இலிருந்து 3. ஓரெழுத்தில் –15 முதல் 15 வரைதான் அடங்கும். 16 என்றால் சிறிய ஜி-யும் பெரிய பி-யும் சேர்ந்து வரும்.

உருவான கோப்பின் கொலம் மட்டும் ஒவ்வொரு புதிய வரியிலும் 0க்குத் திரும்பும். மற்ற நான்கும் கோப்பு முடியும் வரை தொடர்ந்து கூட்டப்பட்டுக்கொண்டே போகும். இடையில் ஓரெழுத்து கெட்டால் அதற்குப் பின்னாலுள்ள எல்லாம் நகர்ந்துவிடுவது இதனால்தான்.

இந்த முறைக்கு வெர்ஷன் 3 என்று பெயர். கூகுளின் க்ளோஷர் கம்பைலரோடு பிறந்து, 2011இல் இந்த வடிவத்துக்கு வந்தது. 2024 டிசம்பரில்தான் எக்மா-426 என்ற முறையான தரநிலையானது.

கேள்வி: மேப் ஏறுகிறது, கோப்பின் பெயரும் சரியாக வருகிறது. ஆனால் வரி தள்ளித் தள்ளிக் காட்டுகிறது. தமிழ்ச் சொற்கள் உள்ள கோப்புகளில் இன்னும் மோசம். – மாங்குளம்

தள்ளல் ஒரே அளவாக இருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

உருவான கோப்பில் எல்லாமே ஒரே எண்ணிக்கை வரிகளால் தள்ளியிருந்தால், பில்ட் முடிந்த பிறகு யாரோ கோப்பின் தலையில் உரிமை அறிவிப்போ திகதியோ சேர்த்திருக்கிறார்கள். மேப்புக்கு அது தெரியாது. அந்த வரிகளைக் கருவியின் ‘பேனர்’ தெரிவின் வழியாகச் சேர்த்தால் மேப்பும் கூடவே நகரும்.

உங்கள் டைப்ஸ்கிரிப்ட் கோப்புக்குப் பதிலாக இடைநிலை ஜேஎஸ் கோப்பைக் காட்டினால், இரண்டு கருவிகள் ஒன்றையொன்று அறியாமல் வேலை செய்திருக்கின்றன. டைப்ஸ்கிரிப்ட் ஒரு மேப் எழுதியது. நிரலைச் சுருக்கும் டெர்சர் அதைப் பார்க்காமல் தன்னுடையதை எழுதியது. டெர்சரின் சோர்ஸ்மேப் தெரிவில் ‘கன்டென்ட்’ என்பதற்கு முதல் மேப்பைக் கொடுத்தால் இரண்டையும் இணைத்து ஒன்றாக்கும். ‘சீப்’ என்று பெயர் தொடங்கும் வெப்பேக் தெரிவுகள் வரியை மட்டும்தான் காட்டும், கொலத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தமிழ் விடயத்துக்கு வருவோம். ‘கிளிநொச்சி’ என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் அது 10 குறிகள். க, இகரக் குறி, ள, இகரக் குறி, ந, ஒகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி. மேப்பும் ஜாவாஸ்கிரிப்டும் எண்ணுவது இந்த 10ஐ. யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணும் கருவி ஒன்று இடையில் வந்தால், ஒரு குறிக்கு 3 வீதம் 30 என்று எண்ணும். ஒகரக் குறியை எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து எழுதும் விசைப்பலகை என்றால் 10 என்பது 11 ஆகும். இஎஸ்பில்ட் என்ற பில்ட் கருவி, எந்தத் தெரிவும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என்று 6 எழுத்தாக விரிக்கும். 10 குறி 60 எழுத்தாகிவிடும். அதுவே மேப்பையும் எழுதினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். அந்த விரிவைப் பில்டுக்குப் பிறகு வேறொரு ஸ்கிரிப்ட் திரும்பத் தமிழாக்கினால், அந்த வரியில் அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு கொலமும் பிழை. ஒரு சொல்லுக்கு 50 எழுத்து வீதம் தள்ளல் கூடிக்கொண்டே போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். தமிழ் தமிழாகவே இருக்க வேண்டுமென்றால் இஎஸ்பில்டிலேயே ‘சார்செட்’ தெரிவை யூடிஎஃப்8 என்று வையுங்கள்.

கேள்வி: மேப்பைச் சேர்வரில் வைத்தால் எங்கள் நிரலை யாரும் எடுத்துவிடுவார்களா? – வவுனியா

ஆம். சோர்சஸ்கன்டென்ட் உள்ள மேப்பில் உங்கள் குறிப்புகள் உட்பட எல்லாம் அப்படியே இருக்கும். ஹிடன் தெரிவு குறிப்பு வரியை மட்டும்தான் நீக்குகிறது. கோப்பு அதே இடத்தில் கிடந்தால், ஜேஎஸ் முகவரியோடு ‘.மேப்’ சேர்த்து எவரும் எடுக்கலாம். அதனால்தான் ஏற்றாதீர்கள் என்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ பிரவுசர் நிரலில் இருந்தால், மேப் இல்லாமலும் அது வெளியில்தான் இருக்கிறது. அவை சேர்வரில் மட்டும் இருக்க வேண்டும்.

கேள்வி: மீன் விலை பார்க்கும் அன்ட்ரொய்ட் அப் ஒன்றைக் கொட்லினில் எழுதி, ஏபிகே கோப்பாக வட்ஸ்அப்பில் கொடுக்கிறோம். பிழை அறிக்கையில் கிளாஸ் பெயர்கள் எல்லாம் ‘ஏ.பி.சி’ என்று வருகின்றன. – முல்லைத்தீவு

அது அன்ட்ரொய்ட் பில்டில் நிரலைச் சுருக்கும் ஆர்8 செய்த வேலை. அதற்குரிய மேப், அப் கோப்புறைக்குள் பில்ட், அவுட்புட்ஸ், மேப்பிங், ரிலீஸ் என்று உள்ளே போனால் ‘மேப்பிங்.டெக்ஸ்ட்’ என்ற கோப்பாக இருக்கும். அன்ட்ரொய்ட் கொமாண்ட் லைன் கருவிகளில் உள்ள ‘ரீட்ரேஸ்’ கட்டளைக்கு அந்தக் கோப்பையும் பிழை அறிக்கையையும் கொடுங்கள், உண்மைப் பெயர்கள் வந்துவிடும். பிளே ஸ்டோருக்கு ஏஏபி என்ற பொதியாக ஏற்றுகிறவர்களுக்கு மேப்பிங் கோப்பு கூடவே போய் அங்கேயே மொழிபெயர்க்கப்படும். ஏபிகே-யைக் கையால் கொடுக்கிற உங்களுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த ரிலீஸ் பில்ட் இதே கோப்பின் மேல் எழுதிவிடும். ஆகவே ஏபிகே-யை அனுப்புகிற அன்றே அதன் வெர்ஷன் கோட் எண்ணோடு மேப்பிங் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: குளமொன்றின் நீர்மட்டத்தை அளக்க ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை வைத்திருக்கிறோம். இடைக்கிடை தானாகவே மறுதொடக்கம் ஆகிறது. சீரியல் மொனிட்டரில் ‘குரு மெடிடேஷன் எரர், லோட்புரொஹிபிட்டட்’ என்றும், ‘பக்ட்ரேஸ்’ என்று எண்கள் சிலவும் வருகின்றன. இதற்கும் மேப் உண்டா? – அறிவியல் நகர், கிளிநொச்சி

உண்டு. இங்கே அந்த வேலையைச் செய்வது ‘.எல்ஃப்’ என்ற கோப்பு. பலகைக்குப் போகும் ‘.பின்’ (பைனரி) கோப்பில் வரி விபரம் இல்லை, எல்ஃப்பில் இருக்கிறது.

பிழைக் குறிப்பில் முதலில் எக்ஸ்சிவிஅட்ர் என்ற மதிப்பை (நிரல் படிக்க முயன்ற முகவரியை) பாருங்கள். அது முழுப் பூச்சியம் என்றால் எந்த இடத்தையும் சுட்டாத வெறும் பொயின்டர் வழியாகப் படித்திருக்கிறீர்கள். 8, 12 போன்ற சிறிய எண் என்றால், வெறும் பொயின்டர் வழியாக ஒரு ஸ்ட்ரக்டின் உள்ளே இருக்கும் உறுப்பைத் தொட்டிருக்கிறீர்கள். சென்சரோ மோடமோ பதில் தராத நேரத்தில் அந்தப் பதிலைச் சோதிக்காமல் பாவித்த இடங்களில் இது அடிக்கடி வரும்.

பக்ட்ரேஸில் எண்கள் சோடி சோடியாக இருக்கும். நடுவில் முக்காற்புள்ளி. முன்னால் உள்ளது நிரலின் முகவரி, 400 என்று தொடங்கும். பின்னால் உள்ளது ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியின் முகவரி, 3எஃப்எஃப் என்று தொடங்கும். முன்னால் உள்ளவை மட்டும் போதும். ஈஎஸ்பி32 கருவித்தொகுதியில் வரும் ‘அட்டர்2லைன்’ கட்டளைக்கு எல்ஃப் கோப்பையும் அந்த முகவரிகளையும் கொடுத்தால், செயற்கூற்றின் பெயர், கோப்பு, வரி என்று வரிசையாக வரும். பிளட்ஃபோம்ஐஓ பாவிப்பவர்கள் மொனிட்டர் ஃபில்டர்களில் ஈஎஸ்பி32 எக்செப்ஷன் டிகோடரைச் சேர்த்தால், திரையிலேயே மொழிபெயர்ந்து வரும். முதல் வரி ஏதாவது நூலகச் செயற்கூற்றில் நிற்கலாம். அங்கே தேடாதீர்கள். கீழே இறங்கி, உங்கள் சொந்தக் கோப்பின் பெயர் முதன்முதல் வரும் இடத்தில் நில்லுங்கள்.

எல்ஃப், பலகையில் ஓடுகிற அதே பில்டினுடையதாக இருக்க வேண்டும். ஒரு வரி சேர்த்துத் திரும்ப பில்ட் செய்தாலே முகவரிகள் நகர்ந்துவிடும். பிழைக் குறிப்போடு ‘எல்ஃப் ஃபைல் எஸ்எச்ஏ256’ என்ற வரி வந்தால், உங்களிடமுள்ள எல்ஃப்பின் எஸ்எச்ஏ256ஐக் கணித்து, அதன் தொடக்க எழுத்துகளோடு ஒப்பிடுங்கள். ஆர்டுயினோ ஐடிஈ எல்ஃப்பைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்துப் பின்னர் தொலைத்துவிடும். ஸ்கெட்ச் மெனுவில் ‘எக்ஸ்போர்ட் கொம்பைல்ட் பைனரி’ கொடுத்தால் ஸ்கெட்சின் பில்ட் கோப்புறையில் எல்ஃப் சேரும். குளக்கட்டில் பலகையைப் பூட்டுவதற்கு முன் அதை எடுத்துவையுங்கள். இப்போது ஓடுகிற பில்டின் எல்ஃப் உங்களிடம் இல்லையென்றால், பழைய முகவரிகளோடு மினக்கெட வேண்டாம். எல்ஃப்பை எடுத்துவைத்துப் பலகையில் புதிதாக ஏற்றி, அடுத்த மறுதொடக்கம் வரை பொறுங்கள்.

பக்ட்ரேஸின் கடைசியில் ‘கொரப்டட்’ என்று வந்தால், ஸ்டாக்கே கெட்டுவிட்டது, அதற்குப் பின்னால் வரும் முகவரிகளை நம்ப முடியாது. லூப்புக்குள் பெரிய அரேயை உள்ளூர் மாறியாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆர்டுயினோவில் லூப் ஓடும் டாஸ்குக்கு வழக்கமான ஸ்டாக் 8192 பைட்தான். அந்த அரேயை செயற்கூற்றுக்கு வெளியே எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எடுக்க முடியாவிட்டால், ‘செட் லூப் டாஸ்க் ஸ்டாக் சைஸ்’ என்ற மக்ரோவில் 16384 என்று கொடுத்துப் பாருங்கள்.